முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு குன்னூர் இறக்கங்கள்

ஏசிஎல் (முழங்கால் மூட்டுக்கு நடுவில் எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் ஜவ்வு) ஆபரேஷன் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் ஆபரேஷன் பற்றித்தான். எத்தனை துளை போடுவார்கள், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும். அதற்கப்புறம் வரும் நீண்ட காலத்தை, அதுவும் வாசலைத் தாண்டினாலே ஒன்று ஏற்றம் இல்லாவிட்டால் இறக்கம் என்றிருக்கிற ஊரில் எப்படிக் கடப்பது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் குன்னூர்க்காரி. குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு செய்கிறவள். வலது முழங்காலில் ஏசிஎல் அறுந்து, கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடித்து, மறுபடி ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) மாட்டலாமா என்று பேசுகிற கட்டத்துக்கு இப்போது வந்திருக்கிறேன். இத்தனை மாதங்களில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. முழங்கால் தேறிவிட்டதா என்று ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். பனிச்சறுக்கு முழுக்க இறக்கம்தான் என்பதால் எனக்கு இது இரண்டு மடங்கு முக்கியம், ஆனால் ஸ்கீயைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் மலையூரில் இருந்தால் இது பொருந்தும்.

நீலகிரியிலிருந்து பனிச்சறுக்கா என்று கேட்பவர்களுக்காக: அப்பா ராணுவத்தில் இருந்தார். குல்மார்க்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, அங்கே கொஞ்ச காலம் பணி. பிறகு வெலிங்டன், பிறகு ஓய்வு, குன்னூரில் வீடு. சின்ன வயதில் பார்த்த அந்த வெள்ளைச் சரிவு மனதை விட்டுப் போகவில்லை. வேலைக்குப் போய்க் கையில் காசு வந்ததும் அங்கே மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தேன். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர். உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நமக்கு டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா புல்லில் உறைபனி விழுவதோடு சரி, அங்கே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டும். தென்னிந்தியர்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று சொல்கிறவர்களிடம் குடகு மலையில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் இந்தியாவுக்காகப் போட்டியிடுகிறார் என்பதைச் சொல்வேன். காப்பித் தோட்டத்திலிருந்து அவர் போகலாம் என்றால் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானும் போகலாம்.

ஜவ்வு எப்படி அறுந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கீ செய்கிறவர்களின் முழங்கால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. குல்மார்க்கில் கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறும். முதல் கட்டம் கொங்டூரி, இரண்டாவது கட்டம் அஃபர்வத் மலைத் தோள், கிட்டத்தட்ட 4,000 மீட்டர். நான் விழுந்தது கொங்டூரிக்குக் கீழே, பிற்பகலில், வெளிச்சம் மங்கிப் பள்ளம் எது மேடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும் நேரத்தில். சரிவில் வளைந்து திரும்பும்போது உடல் எடை பின்னால் போனது, இடுப்பு முழங்காலைவிடக் கீழே இறங்கியது, கீழ்ப்பக்க ஸ்கீயின் உள்விளிம்பு வால் பகுதியில் பனியைக் கவ்விக்கொண்டு உள்பக்கமாக வளைத்தது. ஸ்கீ திரும்பியது, தொடை திரும்பவில்லை, நடுவில் முழங்கால். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது, எழுந்துகூட நின்றேன். அன்று ராத்திரிக்குள் முழங்கால் உருண்டையாக வீங்கிவிட்டது. டப் சத்தமும் சில மணி நேரத்தில் இப்படி வீக்கமும் சேர்ந்து வந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள், ஏசிஎல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த வகை விழுதலை அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கார்ல் எட்லிங்கர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தாழ்வான தோல் பூட்ஸ் போய், கெண்டைக்கால் பாதி வரை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான பூட்ஸ் வந்தபோது கணுக்கால், கீழ்க்கால் எலும்பு முறிவுகள் குறைந்தன, முழங்கால் ஜவ்வு அறுவது கூடியது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் சாதாரண பைண்டிங் முன்னால் விரல் பக்கம் முறுக்கினால் கழலும், பின்னால் குதிகால் தூக்கினால் கழலும், ஆனால் நான் விழுந்த மாதிரி விழும்போது முழங்காலில் ஏறும் சுமை அதற்குத் தெரியாது. ஸ்கீ கழலாது, ஜவ்வு போகும். எட்லிங்கர் குழு பனிச்சறுக்கு மையங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த விழுதல் எப்படி ஆரம்பிக்கிறது என்று வீடியோ காட்டிப் பயிற்சி கொடுத்தபோது அவர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. 1995-ல் வெளிவந்த ஆய்வு அது. அவர்கள் சொன்னது சிக்கலான விஷயமே இல்லை: கையை முன்னால் வை, ஸ்கீகளைச் சேர்த்து வை, விழ ஆரம்பித்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதே, காலை விறைப்பாக நீட்டாதே. ஸ்கீ கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை. பெரியம்மா புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார். எலும்பு முறிவுக்கு அங்கே போய்க் குணமானவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு, அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனால் மூட்டுக்கு நடுவில் அறுந்து கிடக்கும் ஜவ்வை வெளியே போடும் கட்டு இழுத்துச் சேர்க்காது. அதே சமயம் ஏசிஎல் அறுந்தவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் கட்டாயம் என்பதும் உண்மை இல்லை. ஸ்வீடனில் நடந்து 2010-ல் வெளியான ஒரு ஆய்வில், முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சை, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு வருடம் கழித்தும் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். அதனால் நானும் முதலில் பயிற்சிதான் செய்தேன். சமதளத்தில் நன்றாகவே இருந்தது. மார்க்கெட்டுக்கு இறங்கும் படிகளில்தான் முட்டி திடீரென்று நழுவியது, ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. கூடவே மெனிஸ்கஸ் என்கிற குஷன் ஜவ்விலும் கிழிசல் இருந்தது. ஒவ்வொரு நழுவலிலும் அது இன்னும் கிழியலாம் என்று டாக்டர் சொன்னதும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அறுந்ததைத் தைப்பதில்லை, புதிதாக ஒன்று வைக்கிறார்கள். எனக்குப் பின்தொடைத் தசைநாரிலிருந்து எடுத்தார்கள், சிலருக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாரிலிருந்தோ முன்தொடையிலிருந்தோ எடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை ஒரு சங்கடம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின் சீட்டில் காலை நீட்டித் தலையணை முட்டுக் கொடுத்து வந்தோம். மலைக்குத் திரும்புகிறவர்கள் வலி மாத்திரையைக் கல்லாறுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பனிச்சறுக்கு என்று எழுதியதைப் பார்த்துவிட்டு என் கம்பெனி சாகச விளையாட்டுக்குப் பணம் தர மாட்டோம் என்ற தொனியில் கடிதம் அனுப்பியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்தியிருக்கும் விலக்குகளில் 9-ஆம் எண், சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு அந்தக் காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. பாலிசியில் அந்த வரியை எடுத்துக் காட்டி எழுதினேன், பணம் வந்தது.

சரி, இனி முழங்கால்.

முதல் வாரங்களில் எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றே கேட்பார்கள். பார்க்க வருகிறவர்கள் முதற்கொண்டு "மடக்க முடியுதா?" என்றுதான். உண்மையில் முதலில் வேண்டியது நீட்டுவது. கால் முழுவதுமாக நேராகாவிட்டால் நடையே நொண்டியாகிப் பழகிவிடும், பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, முழங்கால் பின்பக்கம் கட்டிலைத் தொடுகிற மாதிரி அழுத்த வேண்டும். முதல் தடவை அழுத்தச் சொன்னபோது நான் முழு மனதோடு அழுத்தினேன், தொடையில் எதுவுமே நடக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தால் தசை மாவு போலத் தொளதொளவென்று கிடந்தது. இடது காலில் அழுத்தினால் முழங்கால் சிப்பி ஒரு விரற்கடை மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது, வலதில் சிப்பி அசையவில்லை. பிசியோ தம்பி பயப்பட வேண்டாம் என்றார். மூட்டுக்குள் நீர் இருக்கும்வரை நரம்புகள் முன்தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை அடக்கி வைத்துவிடுமாம். தசை செத்துப் போகவில்லை, கூப்பிட்டால் அதற்குக் கேட்கவில்லை. அதனால்தான் வீக்கத்தை வடிப்பது முதல் வேலை: ஐஸ், காலை இதயத்தைவிட உயரத்தில் வைப்பது, கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருப்பது. ஒருநாள் காலையில் அழுத்தும்போது சிப்பி துளியூண்டு மேலே நகர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கம்பக்கத்துப் பாசம் இந்த ஊரில் குறையே இல்லை. ஆட்டுக்கால் சூப் வந்தது, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வந்தது, பிரண்டைத் துவையல் வந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். தசை வளரப் புரதம் வேண்டும், அதற்கு முட்டையும் பருப்பும் பாலும் சுண்டலும் தினமும் தவறாமல் இருந்தால்தான் ஆகும், சூப்பை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். நீலகிரித் தைலத்தை மட்டும் யார் கொண்டுவந்தாலும் காலுக்குப் போட விடாதீர்கள். தையல் ஆறாத தோலில் அது எரிச்சலைக் கிளப்பும். சம்மணம் போட்டு உட்காருவதும் இந்தியக் கழிப்பறையும் பல மாதங்களுக்கு ஆகாது, ஆபரேஷனுக்குப் போகும் முன்பே வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

படிகள். எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து கல்படிகளில்தான் இறங்கி வர வேண்டும், குன்னூரில் பாதி வீடுகள் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் ஒரு விதி சொல்லி அனுப்புவார்கள்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னால், ஊன்றுகோலோடு சேர்த்து. மனப்பாடம் செய்து அப்படியே நடந்தேன், ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். ஒரு படி இறங்கும்போது உடம்பைத் தாங்கி மெதுவாகக் கீழே இறக்கி வைப்பது முன்னால் போகும் கால் இல்லை, மேல்படியில் நிற்கும் கால். அடிபட்ட காலைக் கீழே அனுப்பினால் வேலை முழுவதையும் மேலே நிற்கும் நல்ல கால் செய்துவிடும். அப்படியானால் என்றைக்கு நல்ல கால் முதலில் கீழே போய், ஆபரேஷன் செய்த கால் மேல்படியில் நின்று என்னை நடுங்காமல் இறக்கி வைக்கிறதோ அன்றைக்குத்தான் அது கால். இந்த ஒரு விஷயம் பிடிபட்டதும் மற்ற பயிற்சிகளுக்கெல்லாம் அர்த்தம் வந்துவிட்டது.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. நம் மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனைப் பார்த்திருப்பீர்கள், இறக்கத்தில் அவர்கள் கைதான் ரயிலைக் காப்பாற்றுகிறது, முன்தொடைக்கு அந்த உத்தியோகம். ஏறினால் மூச்சு வாங்கும், ஓய்ந்தால் நின்றுவிடலாம். இறக்கத்தில் தசை ஓய்ந்தால் சுமை முழுவதும் மூட்டுக்கும் ஜவ்வுக்கும் போகும். பனிச்சறுக்கில் ஒவ்வொரு திருப்பத்தின் கீழ்ப்பாதியிலும் வெளிக்கால் செய்வது இதேதான், மடங்கிய முழங்காலோடு, மேலும் வேகமாக, மேலும் பாரமாக. ஜிம்மில் டிரெட்மில்லில் சமமாக எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் இந்தப் பிரேக் பழகாது. சமவெளிக்காரர்கள் இதற்கென்று சரிவான பலகை வைத்துப் பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது, நமக்கு ஊரே பலகை.

வீட்டு வாசற்படியில்தான் ஆரம்பித்தேன், அதுவும் நேராகப் படியில் இல்லை, முதலில் ஒரு தடிமனான புத்தகம், பிறகு ஒரு செங்கல், பிறகு படி. வலது காலில் நின்றுகொண்டு இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, எடை போடாமல், மறுபடி ஏற வேண்டும். பிசியோ தம்பி எதிரே குந்தி உட்கார்ந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அக்கா, முட்டி உள்ள போகுது பாருங்க."

"எங்க தம்பி, நேராத்தானே இருக்கு?"

"கட்டைவிரல் பக்கம் சாயுது. ரெண்டாவது விரலுக்கு நேரா நிக்கணும். இடுப்பு எறங்குது, அதான்."

கண்ணாடியை எதிரில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வலது காலில் இறங்கும்போது இடது இடுப்பு தொங்கியது, அதோடு முழங்கால் உள்ளே சரிந்தது, பாதத்தின் உள்வளைவு தரையில் படுத்தது. குல்மார்க்கில் ஜவ்வை அறுத்ததும் இதே திசையில் வந்த இழுப்புதான். அதனால் பக்கவாட்டு இடுப்புத் தசைக்கும் சேர்த்துப் பயிற்சி தொடங்கியது, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சிகள். செய்து பாருங்கள், எரியும்.

வெளியே இறங்க ஆரம்பித்தபோது எனக்கு உண்மையான ஆசான் பக்கத்து வீட்டு அம்மா. இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் குடும்பம், வாழ்க்கை முழுக்கக் கொழுந்து பறித்தவர். நான் சாலையில் ஊன்றுகோலோடு நேராக இறங்குவதைப் பார்த்துவிட்டு, "நேரா எறங்காத கண்ணு. குறுக்கப் போ, திரும்பு, மறுபடி குறுக்கப் போ" என்றார். பனிச்சறுக்கில் முதல் பாடமே அதுதான், சரிவைக் குறுக்காக வெட்டிப் போவது. பிறகு அவர் நடந்து காட்டினார்: முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கிறது, அடி சின்னதாக இருக்கிறது, குதிகாலை ஓங்கி வைக்காமல் பாதம் முழுவதையும் பதிக்கிறார், உடம்பு பின்னால் சாயவே இல்லை. முதுகில் மூட்டையோடு மழையில் வழுக்கும் மண்ணில் இறங்கிப் பழகியவரின் நடை. சறுக்குப் பயிற்சியாளர்கள் முன்னால் சாய், முன்னால் சாய் என்று கத்துவதை இவர் உடம்பால் செய்கிறார்.

அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. எம்ஆர்ஐ எடுத்ததில்லை, பிசியோ பார்த்ததில்லை, தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனவர். என் ஒரு ஜவ்வுக்கு இத்தனை பேர் கவனிப்பு, இந்த மலையையே சுமந்து இறக்கிய பெண்களின் முழங்காலுக்கு யாரும் இல்லை என்பது எனக்கு மிகவும் உறுத்தியது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க வழி இருக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்தோம். முழங்கால் தேய்மானத்துக்கும் முன்தொடையைப் பலப்படுத்துவது வலியைக் குறைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். இப்போது சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைச் சேர்ந்தே செய்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து சிம்ஸ் பார்க். 1874-ல் ஒரு பள்ளத்தாக்குச் சரிவில் உண்டாக்கிய பூங்கா, மேல் பகுதிக்கும் அடிப் பகுதிக்கும் சுமார் 30 மீட்டர் உயர வித்தியாசம். கைப்பிடி, பெஞ்சு, வண்டி இல்லாத பாதை எல்லாம் இருப்பதால் இறக்கம் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையிலும் டிரெக்கிங் கம்புகளோடு இறங்குவேன், கம்புகள் முழங்கால் சுமையில் ஒரு பங்கைத் தோளுக்கு மாற்றும். பிறகு ஒரு கம்பு, பிறகு கம்பில்லாமல். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் கல்படிகள் பாசி பிடித்துக் கண்ணாடியாகிவிடும், அந்த மாதங்களில் வெளிப்படிகளை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். ஒரு வழுக்கல் போதும். குளிரில் முட்டி காலையில் மரக்கட்டையாக இருக்கும், படுக்கையிலேயே கொஞ்சம் மடக்கி நீட்டிவிட்டு எழுவது நல்லது.

இரண்டாவது, மூன்றாவது மாதங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், நடை சரியாகியிருக்கும், எல்லாம் முடிந்தது என்று தோன்றும். உள்ளே அப்போதுதான் புது ஜவ்வு மிகப் பலவீனமாக இருக்கிறது. எடுத்து வைத்த தசைநார் பழைய ரத்த ஓட்டத்தை இழந்து, புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, மெல்ல மெல்ல ஜவ்வாக மாற வேண்டும், அது முழுமையாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வலி இல்லாததை வைத்துப் பலத்தை அளக்க முடியாது.

எப்போது விளையாட்டுக்குத் திரும்பலாம்? நார்வேயின் ஓஸ்லோ, அமெரிக்காவின் டெலவேர் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. திரும்பும் முன் இரண்டு முன்தொடைகளின் பலமும் சமமாக இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் குறைவு. மாதம் மட்டும் போதாது, பலமும் வேண்டும். அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சே வானை நினைத்துக்கொள்வேன். 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் வலது முழங்கால் போனது, அதே நவம்பரில் பயிற்சியில் விழுந்து ஆபரேஷன் செய்த ஜவ்வு மறுபடி கிழிந்தது, 2014 சோச்சி ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. அதன்பின் பொறுத்திருந்து, 2014 டிசம்பரில் கனடாவின் லேக் லூயிஸ் போட்டியில் முதலிடம். உலகத்திலேயே சிறந்த வைத்தியம் கிடைக்கிறவருக்கே முழங்கால் அவசரத்தை மன்னிக்கவில்லை.

பரிசோதனைகளில் ஒற்றைக் காலில் தாவி எவ்வளவு தூரம் போகிறோம் என்பது ஒன்று. ஆபரேஷன் செய்த கால் மற்றதன் தூரத்தில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும். இதில் ஒரு சிக்கல்: இத்தனை மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் இளைத்துப் போயிருக்கும், இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவதில் என்ன பயன்? அதனால் இரண்டு காலுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்யுங்கள். ஸ்கீ செய்கிறவர்கள் தாவலோடு நிற்காமல் தாக்குப்பிடிப்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பனிச்சறுக்கு ஊரான வேல் (Vail) பெயரில் ஒரு பரிசோதனை இருக்கிறது, இடுப்பில் ரப்பர் கயிறு இழுக்க ஒற்றைக் காலில் மூன்று நிமிடம் விடாமல் மடங்கி எழ வேண்டும், 90 வினாடி பக்கவாட்டில் தாவ வேண்டும். மூன்று நிமிடம் என்று படிக்கும்போது சின்னதாகத் தெரியும். இரண்டாவது நிமிடத்தில் முழங்கால் உள்ளே சரிய ஆரம்பிக்கிறதா என்பதைத்தான் அதில் பார்க்கிறார்கள், விழுகிறவர்கள் பெரும்பாலும் தசை ஓய்ந்த பின்தானே விழுகிறார்கள்.

அம்மா கேட்டார், "இவ்வளவு பட்டதுக்கப்புறமும் அந்தப் பனிக்குத்தான் போகணுமா?" அவர் கேட்டது நியாயம், ராத்திரியெல்லாம் ஐஸ் பை மாற்றியவர் அவர். போகணும் என்றுதான் சொன்னேன். காலையில் புதுப் பனியில் முதல் திருப்பம் போடும்போது எனக்குக் கிடைப்பது வேறெங்கும் கிடைக்கவில்லை, அதைத் தக்கவைக்கத்தான் இத்தனை மாதமும் வாசற்படியில் நின்றேன். பயம் இருக்கிறது. மார்க்கெட் படியில் கால் கொஞ்சம் வழுக்கினாலே அந்த 'டப்' காதில் கேட்கிறது. பிசியோ தம்பி அதற்கும் பயிற்சிதான் மருந்து என்கிறார், தாவி இறங்கிச் சத்தமில்லாமல் நிற்பது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது, அவர் எதிர்பாராமல் தள்ளும்போது சமாளிப்பது. உண்மையில் குறைந்திருக்கிறது.

பலப் பரிசோதனை இன்னொரு முறை பாக்கி. அதில் சரியாக வந்தால்தான் டிக்கெட் போடுவேன், வராவிட்டால் அடுத்த குளிர்காலம். போனால் திட்டம் இது: கேபிள் காரில் ஏறாமல் கீழே தொடக்கச் சரிவுகள் மட்டும், காலையில் மட்டும், வெளிச்சம் மங்கும் முன் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும், ஒருநாள் சறுக்கினால் மறுநாள் ஓய்வு, மூட்டில் சாயங்காலம் வீக்கம் தெரிந்தால் அதற்கடுத்த நாளும் ஓய்வு. வாடகைக் கடையில் பைண்டிங்கை அவர்கள் வைத்தபடியே வாங்காமல் என் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், எந்த வேகத்தில் போகிறவள் என்பதை எல்லாம் சொல்லி, எனக்கு முன்னாலேயே அட்டவணையைப் பார்த்துத் திருகச் சொல்வேன். பைண்டிங் இந்த ஜவ்வைக் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் இல்லை, காலில் மற்ற எலும்புகளும் இருக்கின்றனவே. பனியில் கால் வைப்பதற்கு முன் ஒருமுறை லோயர் பஜாரிலிருந்து பெட்ஃபோர்டு வரை ஏறி, கம்பில்லாமல் அதே வழியில் இறங்கி வர வேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறார். வர்ற ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் அது.